ஊருக்குள் எடுக்கிற போன்

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் தங்கை பாளையம்பட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பரளச்சியைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல வழியில்லை என்பது அவள் பையைத் திறந்து காட்டியதும் தெரிந்தது. ஒரு தூக்குவாளி நிறைய அரிசி, அதற்குள் புதைத்து வைத்த போன். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் அதற்கு உயிர் வரவில்லை.

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளைக் கட்டியவருக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் வேறு வேறு ஊர்களில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்தவர்கள். பழகியதும் பிடித்துப்போனதும் போன் வழியாகத்தான், பிறகுதான் வீட்டாரிடம் சொன்னார்கள். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இவள் மாமியாரோடு ஊரில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். லீவு கிடைத்தால் அவர் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் இவர்கள் குடித்தனம் நடப்பது வீடியோ காலில்தான். நாம் என்றால் ஒரு பட்டன் போன் இருந்தால்கூடப் பேசிக்கொள்ளலாம். இவர்களுக்கு முகமும் கையும் தெரிந்தாக வேண்டும்.

என் போனை எடுத்து அவரை அழைத்தேன். கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தவர், திரையில் மனைவியைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாக என்ன ஆயிற்றோ ஏது ஆயிற்றோ என்று தவித்திருக்கிறார். இரண்டு பேரும் கையால் பேசுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. எனக்குத் தெரிந்தது நாங்கள் சின்ன வயதில் வீட்டில் ஏற்படுத்திக்கொண்ட சைகையும், அவள் பள்ளியிலிருந்து வரும்போதெல்லாம் கற்றுக்கொடுத்ததும்தான். ஆனாலும் பாதி புரியும். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொள் என்று அர்த்தம்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. ரேசன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும், "என்னம்மா சொல்றா ஒந் தங்கச்சி?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். அவள் பேசி நான் பார்க்கக் கூடாத பேச்சு என்று ஒன்று இருக்கும் என எனக்குத் தோன்றியதே இல்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. மதியத்தோடு முடிந்துவிடும். அவளையும் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் இருவருமாகப் பழைய போன் விற்கிற கடைக்குப் போனோம். புதிதாக வாங்க இப்போது தோதில்லை. என் போனை வைத்துக்கொள் என்றாலும் அவள் கேட்கவில்லை. லேப்பிலிருந்து உன்னைக் கூப்பிட்டால் என்ன செய்வாய் என்றாள்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், இல்லை ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் போன்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார். எதை எடுத்தாலும் அதற்கு ஒரு கதை இருந்தது. இது மில்லு மேனேஜர் வைத்திருந்தது, இது காலேஜ் பிள்ளை வைத்திருந்தது, கீறலே இல்லை. எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். வாங்கப்போவது அவள் என்றேன். அவளுக்குக் காது கேட்காது என்பதையும் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கீழே குனிந்து ஒரு டப்பாவைத் துழாவி ஒரு போனை வெளியே எடுத்தார்.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. இது வெளிநாட்டுல இருந்து வந்த பையன் குடுத்துட்டுப் போனது. டிஸ்ப்ளேவப் பாருங்க, கேமராவப் பாருங்க, பொறத்தியான் கண்ணு படும். ஸ்பீக்கரு மட்டும் அவுட்டு. அதனால யாரும் வாங்க மாட்டேங்கறான். தங்கச்சிக்குத்தான் ஸ்பீக்கரு தேவையில்லையே. கொறச்சுப் போட்டுத் தாரேன்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஊனத்தைப் பார்த்து ஊனமான பொருளைத் தள்ளிவிடுகிறானே என்று நினைத்தேன். அவர் சொன்னதைத் தங்கைக்குச் சொல்லவே மனசில்லை. அவள் என் தோளைத் தட்டி, என்ன, என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இவ்வளவு நல்ல போன் எனக்காகவே கெட்டுப்போய்க் கிடக்கிறதா?" என்று கையைக் காட்டினாள். போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, இன்னொரு கையை முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டிப் பார்த்தாள். விரல் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் தெரிந்தது.

நான் கேட்க வேண்டியதாக நினைத்ததைக் கேட்டேன். "எல்லாச் சிம்மும் போடலாமா தம்பி? இவ ஊர்ல ஒரே ஒரு கம்பெனிதான் எடுக்கும்."

"லாக்கெல்லாம் கெடையாதுக்கா. எந்தச் சிம்மும் போடலாம். இந்தா போட்டே காட்டுறேன்."

அவளுடைய சிம்மைப் போட்டார். சிக்னல் கோடு நாலும் நிறைய வந்தது. அங்கேயே நின்று அவள் கணவருக்கு வீடியோ கால் போட்டோம். திருப்பூரில் அவர் பின்னால் மாட்டியிருந்த காலண்டரில் தேதிகூடப் படிக்க முடிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தங்கையின் கணவர் என்னை வீடியோவில் அழைத்தார். அவள் ஆன்லைனிலேயே வரவில்லை, ஏன் என்று கேட்டார். சார்ஜ் இல்லாமல் இருக்கும் என்றேன். அதற்கடுத்த நாள், சாலைக்கு வந்து கொஞ்ச நேரம் பேசினாள், வீட்டில் எடுக்கவில்லையாம் என்றார். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. ஒரே ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாள், இனிமேல் தினமும் முடியாது என்று. அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். கோபமாக இருக்கிறாளா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

புரட்டாசி பிறந்து மழைக்குக் காத்துக் கிடந்த நேரம். பஸ்ஸின் இரண்டு பக்கமும் கரிசலை உழுது போட்டிருந்தார்கள். உழாத நிலத்தில் எல்லாம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. பரளச்சியைத் தாண்டி, ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தேன். வழி நெடுக என் போனைப் பார்த்துக்கொண்டே போனேன். ரோட்டில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஊர் மந்தையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. என்னுடையது வேறு கம்பெனி. அது அந்த ஊரில் எப்போதுமே எடுக்காது.

வீட்டில் அவளுடைய மாமியார் மட்டும் இருந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும் தண்ணீர்ச் செம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வா தாயி. நல்ல வேளை நீயே வந்துட்ட. ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிருக்கா, வந்துருவா. அந்தப் போனு வந்ததுல இருந்து அவ மொகமே சரியில்ல."

"என்னாச்சு அத்தை?"

"வீட்டுக்குள்ள கோடே வரல. ரோட்டுக்குப் போனாத்தான் வருதாம். மொத நாளு போயி அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னு பேசினா. போறவன் வாரவன் எல்லாம் வண்டிய நிப்பாட்டிப் பாத்தான். பேயி பிடிச்சவ மாதிரி கைய ஆட்டிக்கிட்டு நிக்கிறானு ஒரு பய சொல்லிட்டுப் போனான். அவளுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுச்சு. நான் அவ கூடத்தான நின்னேன். வெளக்கமாறு இருந்தா வீசியிருப்பேன் தாயி."

"அவகிட்ட சொன்னீகளா?"

"நான் எங்க சொன்னேன்? அவன் வாயப் பாத்து, எம் மொகத்தப் பாத்து, அவளே தெரிஞ்சுக்கிட்டா. மக்கா நாளும் போனா. எங்கிட்டோ இருந்து ரெண்டு பொம்பளப் பிள்ளைக வந்து பக்கத்துலயே நின்னு வேடிக்க பாக்குதுக. அதோட வந்துட்டா. போனப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா."

ஆடுகளோடு தங்கை வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆட்டை அடைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் பேசுவதை நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன்.

அவள் சொன்னதை என்னால் முடிந்த மட்டும் எழுதுகிறேன். சைகையை எழுத்தில் கொண்டுவந்தால் பாதி உப்பு போய்விடும்.

"நீங்கள் ரோட்டில் நின்று போன் பேசினால் திரும்பி நின்று பேசலாம். வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகப் பேசலாம். நான் எப்படி மெதுவாகப் பேசுவது? கையைத் தூக்கினால்தான் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்."

"பார்க்கிறவர்களுக்குச் சைகை புரியாதே," என்றேன்.

"சைகை புரியாது. முகம் புரியுமே. நான் கோபப்பட்டால் தெரியும். அழுதால் தெரியும். அவரைக் கொஞ்சினாலும் தெரியும். அங்கே நின்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தவிர ஒன்றும் பேச வரவில்லை. அதைப் பேசவா அவ்வளவு தூரம் நடந்து போக வேண்டும்?"

காலையும் மதியமும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களின் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் நான் வேலைக்குப் போய் வருகிறேன். லோனு, சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் காதில் விழும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர்களில் யாரையும் நான் நேருக்கு நேர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

இதே வீட்டில், இதே சிம் போட்டு, பழைய போன் எடுத்துக்கொண்டுதானே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் கோளாறு ஊரிலும் இல்லை, சிம்மிலும் இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவளுடைய சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இரண்டு கோடு வந்தது. அடுப்படிக்குள் போனேன், அங்கேயும் இரண்டு கோடு இருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அப்ப அந்தப் பய ஏமாத்திட்டான்" என்றார் அத்தை.

அங்கிருந்தே திருப்பூருக்கு வீடியோ போட்டோம். ஞாயிறு என்பதால் அவர் அறையில் இருந்தார். விசயத்தைச் சொன்னதும், வாங்கிய போனின் மாடல் நம்பரைக் காட்டச் சொன்னார். அந்தப் போனை எடுத்து, செட்டிங்கில் தேடி, அந்த எழுத்தையும் எண்ணையும் கேமராவுக்கு நேரே பிடித்தோம். அவர் தன் கூட்டாளி போனை வாங்கித் தேட ஆரம்பித்தார். நானும் வீடியோவை நிறுத்திவிட்டு என் போனில் தேடினேன். அந்த போன் வெளிநாட்டில் விற்பதற்கென்று செய்தது. அதே பெயரில், அதே அச்சில், நம் ஊரில் விற்றது வேறு. கடைசி எழுத்து மட்டும்தான் மாறியிருந்தது. கீழே போன் பிடிக்கிற அலைவரிசைகளைப் பேண்டு பேண்டாகப் பட்டியல் போட்டிருந்தது, நம் ஊர்ப் போனில் இருந்த ஒன்று இதில் இல்லை. மறுபடி அவரை அழைத்தபோது அவரும் அதையேதான் பார்த்திருந்தார். உள்ளங்கையை விரித்து ஐந்து என்று காட்டி, பிறகு கையை ஆட்டி இல்லை என்றார்.

எனக்குப் புரிந்த வரையில் விசயம் இதுதான். ஒரு கம்பெனி தன் சிக்னலை ஒரே வழியில் அனுப்புவதில்லை. பல பேண்டில் அனுப்புகிறது. டவுனில் எல்லாப் பேண்டும் இருக்கும், போனுக்குத் தெரிந்தது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். டவர் தூரத்தில் இருக்கிற இந்த மாதிரி ஊருக்கு, நெடுந்தூரம் போகக்கூடிய ஐந்தாம் பேண்டு ஒன்றுதான் வந்து சேர்கிறது. அந்த வெளிநாட்டு போனுக்கு அது மட்டும் தெரியாது. சிம்மை ஏற்றுக்கொள்வது வேறு, டவரைப் பிடிப்பது வேறு. கடையில் நாங்கள் பார்த்தது அருப்புக்கோட்டையின் கோடுகளை.

திங்கட்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்குதேக்கா. இந்தா, நாலு கோடு."

"இங்க எடுக்குது தம்பி. அவ ஊர்ல எடுக்கல."

"அவுக ஊர்ல எடுக்கலைன்னா நான் என்ன செய்ய? நான் போனுதான் விக்கிறேன், டவரா விக்கிறேன்?"

மாடல் நம்பரைக் காட்டினேன். பேண்டு விசயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. இத்தனை வருசத்தில் யாரும் வந்து இப்படிக் கேட்டதில்லை என்றார். வேண்டுமானால் வேறு போன் மாற்றிக்கொள்ளுங்கள், இங்கேயே விற்ற போனாக எடுத்துத் தருகிறேன், அதற்கு மேல் எடுக்காவிட்டால் என்னிடம் வரக்கூடாது என்றார். நியாயமாகத்தான் தெரிந்தது. நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊரில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்," என்றாள்.

சொன்னேன். "அதெல்லாம் ஆகாதுக்கா. போன வெளிய குடுத்து விட்டா எப்படி?" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு கையைக் காட்டினாள். நான் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன். "உங்க வீட்டுக்காரம்மா ரவிக்கை தைக்கக் குடுத்தா, அளவு பாக்காம வாங்கிட்டு வருவாகளா? கையி இறுக்கினா அன்னைக்கே திருப்பிக்கிட்டு வரமாட்டாகளானு கேக்குறா. அவ தையக்காரி."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதச் சொல்லுங்க. எங்க வீட்டுல மூணு தடவ திருப்பிக் குடுப்பா." கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஞாயித்துக்கெழம திருச்சுழியில ஒரு காதுகுத்து இருக்கு. சுத்துதான், பரவால்ல, பரளச்சிப் பக்கமா வாரேன். நாலஞ்சு போன எடுத்துக்கிட்டு வாரேன். எது எடுக்குதோ அத வச்சுக்கங்க."

நான் நம்பவில்லை. ஆனாலும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு மாடலையும் என் போனில் தேடி, ஐந்தாம் பேண்டு இருக்கிறதை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வந்தார். காதுகுத்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை செம்மண்ணும் கரிசலும் கலந்த புழுதியில் பழுப்பாகியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும், "என்னக்கா இது, ரோடா இது?" என்றார். அத்தை அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். போனைக் கொண்டு வந்து ஊருக்குள் விற்கிறார்கள் என்று நினைத்து நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். தங்கை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போன்களை வாரிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கடைக்காரர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

திருப்பூரில் அவள் கணவர் காத்திருந்தார். முதல் போனில் சிம்மைப் போட்டதும் படம் வந்தது, தெளிவாக இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அத்தை, "நான் எம் மகளுக்குப் பேசிப் பாக்குறேன்" என்று வாங்கினார். முதுகுளத்தூரில் கட்டிக்கொடுத்த மகளோடு அவர் பேசுவதும் மருமகளின் போனில்தான். போன் போகவே இல்லை. நம்பரைப் போட்டதும் கோடு காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. இந்தக் கம்பெனியில் பேச்சும் நெட் வழியாகத்தான் போகும், அதற்குரிய வசதி அந்தப் பழைய போனில் இல்லை என்று வாசலிலிருந்து கடைக்காரர் சொன்னார்.

"எனக்கு வேண்டாட்டிப் போகுது," என்றார் அத்தை. "அவளுக்குப் படம் வருதுல்ல, அதையே எடுத்துக்கிறட்டும்."

தங்கைக்கு அதைச் சொன்னேன். அவள் முடியாது என்று தலையாட்டினாள். அத்தைக்கு ராத்திரியில் மூச்சு இளைக்கும். அப்படி ஒருநாள் வந்தால் யாரையாவது எழுப்பி, போனைக் கொடுத்து ஆம்புலன்சுக்குப் பேசச் சொல்ல வேண்டும். பேச்சும் போகிற போன்தான் வேண்டும் என்றாள். அத்தை மருமகளின் முந்தானையைச் சரி செய்கிறவர் மாதிரி எதையோ இழுத்துவிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது போனில் பேச்சும் போனது, படமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் போன் சூடாகி, படம் நின்று நின்று வர ஆரம்பித்தது. அவர் கையைத் தூக்கியபடியே திரையில் உறைந்து போனார். அந்தக் கை எந்தச் சொல்லைத் தொடங்கியதென்று தங்கைக்கே தெரியவில்லை. குரல் விட்டு விட்டு வந்தால் நாம் முன்னே பின்னே வைத்து ஒப்பேற்றிவிடுவோம். பாதியில் நின்ற கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது, பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு மூலை நெளிந்து, பின்பக்கம் நிறம் போயிருந்தது. ஆனால் அடுப்படியில் இரண்டு கோட்டிலேயே நின்றது. அத்தை முதுகுளத்தூருக்குப் பேசினார். தங்கை சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவரை வேகமாகப் பேசச் சொன்னாள். அவர் என்னவோ மளமளவென்று சொன்னார். இவள் அவ்வளவையும் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளிச்சம் குறைந்தபோதும் பார்த்தாள், கதவைச் சாத்தியும் பார்த்தாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கடைக்காரரைப் பார்த்து இதுதான் என்று தலையசைத்தாள். மாற்றிக் கொடுக்க வேண்டிய அந்த ஸ்பீக்கர் கெட்ட போனை எடுத்து, கேமராவைத் திறந்து ஒருமுறை தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அதன் மேல் ஆசை போகவில்லை.

கடைக்காரர் சும்மா திரும்பவில்லை. கூடியிருந்தவர்களிடம் உடைந்து கிடந்த இரண்டு மூன்று போன்களைப் பேசி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஊருக்குள் ஐந்தாம் பேண்டுதான் எடுக்கும், வாங்குவதானால் என்னிடம் வாருங்கள் என்று அவர்களுக்கு விளக்கமும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை எடுக்கும்போது தங்கையைப் பார்த்து, "தங்கச்சி, வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நினைவு வந்தவராகக் கையையும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு மழை பெய்தது. மல்லியும் பருத்தியும் விதைத்தார்கள். தங்கையின் கணவர் என்னை அழைப்பது நின்றுபோனது. அவள் என்ன செய்கிறாள், கோபமாக இருக்கிறாளா என்று கேட்க இப்போது நான் தேவையில்லை. எப்போதாவது ஒரு படம் அனுப்புவார்கள், தைத்து முடித்த ஒரு ரவிக்கை, புதிதாகப் பிறந்த குட்டி. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, இவர்கள் இருவரையும் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றியது. என்ன சண்டை போட்டார்கள், எதற்குச் சமாதானம் ஆனார்கள், ஒன்றும் தெரியாது. மற்ற அக்காமாருக்கும் தங்கச்சி குடும்பத்தைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருக்கும். மனசு ஒரு நேரம் லேசாக இருந்தது, ஒரு நேரம் ஏதோ வேலை போய்விட்ட மாதிரி இருந்தது.

கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிறு, தங்கையும் அவள் கணவரும் அத்தையும் பாளையம்பட்டிக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். திருப்பூர் வேலையை விட்டுவிட்டாராம். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டார். பக்கத்திலேயே வாடகைக்கு வீடும் பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"பேசிப் பேசித்தான்," என்றாள். "அவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன். பிறகு நான் வேண்டாம் என்றேன், அவர் வேண்டும் என்றார். ஒரு மாதம் ஆயிற்று."

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட என் கண்ணில் பட்டதில்லை.

சாயங்காலம் எல்லோருமாக அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கடகடவென்று கேட்கிற சந்து. எனக்கே தலை வலித்தது. அவர்கள் இருவருக்கும் அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம், தையல் மிசின் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் பின்கட்டு வரை போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"ஏ தாயி, இங்க நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?"

அதை நாங்கள் யாருமே விசாரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று அத்தையும் நானும் போனோம்.